பி650 மதர்போர்டு எடுத்தேன்: பி550, பி760 ரெண்டையும் ஏன் விட்டேன்

வீட்ல ஓடிட்டிருந்தது நாலாவது ஜெனரேஷன் ஐ5, எச்81 போர்டு, டிடிஆர்3 ராம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடியுதுன்னு அறிவிச்சதுமே மாத்தித்தான் ஆகணும்னு ஆயிடுச்சு, ஏன்னா விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட்லயே இருக்கு. அதனால போர்டு, பிராசஸர், ராம் மூணும் புதுசு, கேபினெட், சாட்டா எஸ்எஸ்டி, மானிட்டர் மட்டும் பழசு. பசங்க படிப்பு, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், எப்பவாவது கேம், இவ்வளவுதான் தேவை. இதே நிலைமைல இருக்கறவங்க நிறைய பேர்னு தெரியும், அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

கடைசில கைல நின்னது மூணு செட். ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட்ல (சாக்கெட்னா போர்டுல பிராசஸர் உக்காரற இடம்) பி550 போர்டும் ரைசன் 5 5600-உம். இன்டெல்லோட எல்ஜிஏ 1700-ல பி760 டிடிஆர்4 போர்டும் ஐ5 12400-உம். ஏஎம்டியோட அடுத்த சாக்கெட் ஏஎம்5-ல பி650 போர்டும் ரைசன் 5 7600-உம். நான் எடுத்தது மூணாவது, நான் அந்தப் பக்கம்தான் சாயறேன்னு முதல்லயே சொல்லிடறேன்.

வேகம் பத்தி ரொம்ப பேச வேண்டியதில்ல. வீட்டு வேலைக்கு மூணுமே போதும், போதும்கறதுக்கும் மேல. மூணுமே ஆறு கோர் பிராசஸர், மூணு போர்டுலயும் நேரா போர்டுலயே சொருகற எம்.2 எஸ்எஸ்டி போடலாம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு குறைஞ்சது பிசிஐஇ 4.0 ஸ்லாட் வேகம் கிடைக்கும். வைஃபை வேணும்னா வைஃபை இருக்கற மாடலா பாத்து எடுங்க. ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லன்னா ரைசன் 5 5600-ல படமே வராது, அதுக்குள்ள கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜி எடுக்கணும். 7600-லயும் 12400-லயும் உள்ளயே இருக்கு. ஆனா இன்டெல்ல பேருக்குப் பின்னாடி எஃப் இருந்தா இல்லன்னு அர்த்தம், ஏஎம்டில 7500எஃப், 8400எஃப்-உம் அப்படித்தான். கடைல எஃப் மாடல் விலை கம்மின்னு காட்டுவாங்க, வீட்டுக்கு வந்து மானிட்டரை போர்டுல சொருகினா ஒண்ணும் வராது.

இப்ப எனக்கு முடிவை மாத்தின விஷயத்துக்கு வரேன். சாக்கெட்டோட ஆயுசு.

பொதுவா இதை எல்லாரும் "பின்னாடி அப்கிரேட் பண்ணலாம்"னு மட்டும்தான் சொல்றாங்க. நான் அதை விட பெருசா நினைக்கறது இன்னொண்ணு, வாரண்டி முடிஞ்சப்புறம் போர்டு செத்துப்போனா என்ன பண்ணுவீங்க? ஒரு பிசில பிராசஸர் அவ்வளவு லேசுல போகாது, ராமும் போகாது, போறதுன்னா எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) போகும் இல்லன்னா போர்டு போகும். எஸ்எம்பிஎஸ் எந்தக் கடைலயும் கிடைக்கும். போர்டு அப்படி இல்ல, அந்த பிராசஸருக்கு அந்த சாக்கெட்தான் வேணும். நம்மூர்ல போர்டுக்கு பெரும்பாலும் மூணு வருஷம் வாரண்டி, வீட்டு மிஷினை நாம வச்சிருக்கறது ஏழு எட்டு வருஷம், பல வீட்ல பத்து. அந்த மிச்ச வருஷங்கள்ல போர்டு போச்சுன்னா மார்க்கெட்ல அதே சாக்கெட் போர்டு புதுசா கிடைக்குமாங்கறதுதான் கேள்வி.

என் எச்81 போர்டுல வாரண்டி முடிஞ்சு வெகு நாள் கழிச்சு ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யாம போச்சு. இருந்ததே ரெண்டு ஸ்லாட், அப்ப பாதி ராம்தான். ஐ5 பிராசஸர் நல்லா இருக்கு, ராம் நல்லா இருக்கு, போர்டு மட்டும் மாத்தினா போதும்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா கேட்டா, பெரிய பிராண்ட் போர்டு புதுசா எங்கயும் இல்ல. கிடைச்சது ரெண்டு வகை, ஒண்ணு ஆஃபீஸ் மிஷின்ல இருந்து கழட்டின பழைய போர்டு, ஒரு மாசம் டெஸ்டிங் வாரண்டி, இன்னொண்ணு பேர் அதிகம் கேள்விப்படாத பிராண்ட்ல பழைய சிப்செட்டை (எச்81, பி650ன்னு போர்டுக்குப் பேர் கொடுக்கற சிப்பை) வச்சு புதுசா பண்ணின போர்டு, பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் எங்க இருந்து வரும்னு கேட்டா கடைக்காரருக்கே தெரியல. போர்டு இல்லாத பிராசஸரை விக்கலாம்னு பாத்தா அதுக்கும் ஒண்ணும் தேறல. அங்கதான் எனக்குப் பட்டுது, போர்டு வாங்கறப்ப நாம வாங்கறது ஒரு சாக்கெட்டை, அதுல எத்தனை வருஷம் புது போர்டும் புது பிராசஸரும் வரும்கறதுதான் நிஜமான விலை.

இந்தக் கண்ணோட்டத்துல பாத்தா ரெண்டு கம்பெனியோட சரித்திரமும் ரொம்ப வேற வேற. இன்டெல் 2015-ல எல்ஜிஏ 1151 கொண்டு வந்தாங்க, ஆறாவது ஏழாவது ஜெனரேஷன் அதுல ஓடுச்சு. 2017 கடைசில எட்டாவது ஜெனரேஷன் வந்தப்போ சாக்கெட் பேர் அதே 1151, ஆனா பழைய 100, 200 சீரீஸ் போர்டுல வேலை செய்யாது, 300 சீரீஸ் வாங்கணும். 2017 ஆரம்பத்துல இசட்270 வாங்கினவங்க அதே வருஷக் கடைசிக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. 2020-ல எல்ஜிஏ 1200, பத்தும் பதினொண்ணும். 2021 நவம்பர்ல எல்ஜிஏ 1700, அதுல 12, 13, 14 மூணு ஜெனரேஷன், இன்டெல் கணக்குக்கு அது தாராளம்தான். 2024 அக்டோபர்ல எல்ஜிஏ 1851 வந்து டெஸ்க்டாப்ல அடுத்த வரிசை அங்க போயிடுச்சு.

ஏஎம்டி பக்கம் ஏஎம்4-ஐ எடுத்துக்குங்க. 2017-ல முதல் ரைசனோட வந்த பி350 போர்டுல, பயாஸ் அப்டேட் பண்ணினா, 2022-ல வந்த 5800எக்ஸ்3டி (கேமுக்காக கூடுதல் கேஷ் மெமரி வச்ச ரைசன்) ஓடும். இது சும்மா வந்துடல, 2020-ல ரைசன் 5000 வரப்போகுதுன்னப்போ 400 சீரீஸ் போர்டுக்கே சப்போர்ட் இல்லன்னுதான் ஏஎம்டி முதல்ல சொன்னாங்க, ஜனங்க விடல, அப்புறம் இறங்கி வந்தாங்க, 2022-ல 300 சீரீஸுக்கும் திறந்து விட்டாங்க. 2024-ல கூட 5700எக்ஸ்3டி மாதிரி புது ஏஎம்4 பிராசஸர் விட்டாங்க. அதனால இன்னிக்கும் பி450, ஏ520, பி550 போர்டு புதுசா டப்பா பிரிக்காம கிடைக்குது. 2018-ல ரைசன் வாங்கினவர் போர்டு இன்னிக்கு போச்சுன்னா நாளைக்கே புது பி450 போர்டு போட்டு அதே பிராசஸரை ஓட்டலாம் (ஏ520, பி550 அந்தப் பழைய ரைசனை எடுக்காது). என் ஐ5-க்கு கிடைக்காதது அதுதான்.

அப்ப ஏஎம்4-ஏ எடுத்திருக்கலாமேன்னு கேக்கலாம். ரொம்ப யோசிச்சேன், ஏன்னா அந்த செட் எனக்கு நல்லாவே விலை கம்மியா வந்துது. ஆனா ஏஎம்4-ஓட அந்த நல்ல காலத்தை அனுபவிச்சது 2017, 2018-ல உள்ள போனவங்க. நான் இப்ப உள்ள போனா கடைசி பஸ்ல ஏறின மாதிரி. 5600-ல இருந்து 5700எக்ஸ், 5900எக்ஸ் மாதிரி ஒண்ணு, கிடைச்சா ஒரு எக்ஸ்3டி, அதோட முடிஞ்சுது. ஏஎம்5 2022 செப்டம்பர்ல வந்துது, 2024-ல ரைசன் 9000 சீரீஸும் அதே சாக்கெட்ல வந்து, பழைய பி650 போர்டுலயே பயாஸ் அப்டேட்ல ஓடுது. 2027-க்கு அப்புறமும் ஏஎம்5 தொடரும்னு ஏஎம்டியே வெளிப்படையா சொல்லியிருக்காங்க. கம்பெனி சொன்ன வார்த்தைதான், பத்திரத்துல எழுதிக் கொடுத்தது இல்ல, ஆனா ஏஎம்4-ல அவங்க நடந்துக்கிட்டதைப் பாத்தப்புறம் நான் நம்பறேன்.

எல்ஜிஏ 1700 பத்தி நியாயமா சொல்லணும். 12400 அருமையான பிராசஸர், சூடு கம்மி, உள்ள இருக்கற கிராஃபிக்ஸ்ல வீடியோ என்கோடிங் நல்லா வேகமா ஓடும், டிடிஆர்4 ராம் போடற பி760 போர்டு கிடைக்கும். என் மச்சான் கடைல பில்லிங்குக்கு இந்த செட்தான், ஒரு தொந்தரவும் இல்ல. நான் அதை தினமும் உக்காந்து ஓட்டினவன் இல்ல, அதனால ரொம்ப உள்ள போய் பேசல. ஆனா அப்கிரேட்னு பாத்தா பெரும்பாலும் 13, 14-வது ஜெனரேஷன் பெரிய பிராசஸர்தான் வழி, அதுலதான் வோல்டேஜ் கூடுதலாப் போய் பிராசஸர் கெட்டுப்போற பிரச்சனை வந்து 2024-ல இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) திருத்தம் விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க. செகண்ட்ஹேண்ட்ல ஐ7, ஐ9 வாங்கறவங்க, அது திருத்தம் இல்லாம எத்தனை நாள் ஓடிச்சுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க? புதுசா வாங்கினாலும் முதல் வேலை பயாஸ் அப்டேட்தான். இதே சாக்கெட்ல எச்610 போர்டு இன்னும் விலை கம்மி, ஆனா பெரும்பாலும் ரெண்டே ராம் ஸ்லாட், எம்.2-வும் பிசிஐஇ 3.0 வேகம்தான். பில்லிங், ஆன்லைன் கிளாஸ், டைப்பிங் மட்டும்னா எச்610-ல ஐ3 12100 போட்டு நிம்மதியா இருக்கலாம், அதுக்கு மேல செலவு பண்ண வேண்டாம்.

ராம் விலைதான் இதுல ஒரு சிக்கல். ஏஎம்5-ல டிடிஆர்5 மட்டும்தான், வேற வழி இல்ல. நான் வாங்கினது 2025 நடுவுல, அப்ப டிடிஆர்5 விலை கைக்கு அடக்கமா இருந்துது. அந்த வருஷக் கடைசில ஏஐ சர்வர்களுக்கு மெமரி எல்லாம் போக ஆரம்பிச்சு ராம் விலை தாறுமாறா ஏறிடுச்சு, டிடிஆர்4-ஐயும் விடல. அதனால ஏற்கனவே நல்ல டிடிஆர்4 ராம் கைல வச்சிருக்கறவங்க, அதாவது ஆறாவது ஜெனரேஷன்ல இருந்து மேல, இல்ல பழைய ரைசன் வச்சிருக்கறவங்க, என் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. குறிப்பா பி450-ல ரைசன் 2600 மாதிரி ஒண்ணு ஓடிட்டிருந்தா போர்டையே மாத்தாதீங்க, பயாஸ் அப்டேட் பண்ணி 5600 இல்ல 5700எக்ஸ் போடுங்க, ராம் செலவும் மிச்சம், போர்டு செலவும் மிச்சம். டிடிஆர்3-ல இருந்து வர்றவங்களுக்கு எப்படியும் ராம் வாங்கித்தான் ஆகணும், அவங்களுக்கு ஏஎம்5 இன்னும் சரின்னுதான் தோணுது, இப்ப ஒரே ஒரு 16 ஜிபி குச்சி போட்டு ஓட்டிட்டு விலை இறங்கினதும் இன்னொண்ணு சேத்துக்கலாம். நாலு ஸ்லாட் இருக்கேன்னு நாலும் நிரப்ப நினைக்காதீங்க, ஏஎம்5-ல நாலு குச்சி போட்டா ராம் வேகம் நல்லா இறங்கிடும், 7000 சீரீஸுக்கு ஏஎம்டி உத்தரவாதம் கொடுக்கறதே அப்ப 3600 தான், ரெண்டு குச்சின்னா 5200.

ஏஎம்5-க்குள்ளயே ஏ620-ஆ பி650-ஆன்னும் ஒரு கேள்வி வரும். எனக்கு விலை வித்தியாசம் மூணாயிரம் ரூபாய்கிட்ட இருந்துது. இன்னிக்குப் போடற 7600-க்கு ஏ620 தாராளம். ஆனா சாக்கெட் ஆயுசுக்காகத்தான் ஏஎம்5 எடுக்கறோம்னா, நாலு வருஷம் கழிச்சு போடப்போற எட்டு கோர், பன்னெண்டு கோர் பிராசஸரையும் அந்த போர்டு தாங்கணும். பல ஏ620 போர்டு 65 வாட் பிராசஸரை மனசுல வச்சு பண்ணினது, பிராசஸருக்கு கரண்ட் கொடுக்கற விஆர்எம் மேல சூட்டை இழுக்கற ஹீட்சிங்க் கூட இருக்காது. சென்னை மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல அது எப்படி கொதிக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. சாக்கெட்டுக்கு இடது பக்கமும் மேலயும் ஒரு அலுமினியக் கட்டி உக்காந்திருக்கான்னு படத்துலயே பாத்துடலாம். இப்ப பி850-உம் வந்துடுச்சு, விலை கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா அதையே எடுங்க, பி650-ல எதையும் இழக்கலன்னுதான் சொல்வேன், வேகமான எம்.2 அதுல கூடுதல், வீட்டு வேலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எந்த பிராண்ட்னு கேட்டா நான் ஓட்டறது ஒரே ஒரு போர்டு, அதை வச்சு மத்த பிராண்டை தட்டிக்கழிக்க முடியாது. உங்க ஊர்லயே சர்வீஸ் சென்டர் இருக்கான்னு பாருங்க, கொரியர்ல அனுப்பி வாங்கறதுன்னா அத்தனை நாள் மிஷின் இல்லாம இருக்கணும்.

வாங்கும்போது ரெண்டு மூணு விஷயம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் பின்னாடி இருக்கற போர்டா எடுங்க, பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ்ல இருந்து அப்டேட் ஏத்தலாம், பழைய ஸ்டாக் போர்டுல 9000 சீரீஸ் 9600எக்ஸ் போடறவங்களுக்கு இது உயிர் காக்கும். ஏஎம்5-ல பின் எல்லாம் போர்டுலதான் இருக்கு, 1718 பின், ஒண்ணு வளைஞ்சாலும் வாரண்டில எடுக்க மாட்டாங்க, அதனால கடைலயே சாக்கெட் மூடியைத் திறந்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, வரிசை ஒரே சீரா மின்னணும், எங்கயாவது ஒரு புள்ளி மட்டும் வேற மாதிரி தெரிஞ்சா வாங்காதீங்க. அந்த பிளாஸ்டிக் மூடியை தூக்கிப் போட்டுடாதீங்க, வாரண்டிக்கு அனுப்பும்போது அது போட்டுத்தான் அனுப்பணும். பழைய எஸ்எம்பிஎஸ்-ஐயே ஓட்டலாம்னு இருக்கறவங்க பிராசஸருக்குப் போற வயரை எண்ணிப் பாருங்க, உள்ளூர் பழைய எஸ்எம்பிஎஸ்ல நாலு பின்தான் இருக்கும், புது போர்டு எட்டு பின் கேக்கும். கன்வர்ட்டர் வச்சு ஒட்டுப் போடாதீங்க, நல்லதா ஒண்ணு வாங்கிடுங்க.

எல்லாம் மாட்டி முதல் தடவை ஆன் பண்ணும்போது ஃபேன் சுத்தும், ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது, போர்டு ஓரத்துல டிராம்னு எழுதின இடத்துல ஒரு குட்டி லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். போர்டு கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணாதீங்க, டிடிஆர்5 ராமை அது பழக்கிக்கிட்டு இருக்கு, சில நிமிஷம் ஆகும், ராம் அளவு கூடினா இன்னும் நேரம் எடுக்கும். பயாஸ் அப்டேட் பண்ணினப்புறமும் இதே மாதிரி ஒரு தடவை வரும். அப்ப கரண்ட் போகாம இருக்க யுபிஎஸ்ல மாட்டி வச்சுட்டு ஆன் பண்ணுங்க.