விண்டோஸ் அப்டேற் எங்கள் வீடுகளுக்குச் சரிவருமா? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மீளாய்வு

விண்டோஸ் அப்டேற், அதாவது விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை இணையம் வழியாகக் கொண்டுவரும் வசதி, நல்ல சேவை. மாதம் தவறாமல் வருகிறது, காசு கேட்பதில்லை, பெரும்பாலான மாதங்களில் சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. ஆனால் அது கரண்ட் போகாத, டேற்றா முடியாத வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மேசைக் கணினி ஒன்றும் 4ஜி ரவுட்டர் ஒன்றும் உள்ள யாழ்ப்பாணத்து வீட்டில் வாங்கினபடியே விட்டால், பக்கேஜைத் தின்னும்; பிள்ளை ஒன்லைன் வகுப்பில் இருக்கும்போது ரீஸ்ரார்ட் கேட்கும். அரை மணித்தியாலம் மினக்கெட்டு நாலைந்து இடத்தை மாற்றிவிட்டால் இந்தக் குறைகளில் முக்கால்வாசி போய்விடும். அதைச் செய்யாமல் அப்டேற்றையே முழுக்க நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள்தான் எங்களுக்கு அதிகம் கவலை தருகின்றன.

இங்கே வைரஸ் வீட்டுக்குள் வரும் பெரிய வழிகளில் ஒன்று இன்னும் பென்ரைவ்தான். கொமினிகேஷன் கடையில் பிரின்ற் எடுக்க, ரியூசன் நோட்ஸ் வாங்க, ஸ்ரூடியோவில் கலியாணப் படம் கொப்பி பண்ண என்று ஒரே பென்ரைவ் பல கணினிகளில் ஏறி இறங்கும். 2010 இல் ஸ்ரக்ஸ்நெற் என்ற வைரஸ் பாவித்த ஓட்டையை நினைத்துப் பாருங்கள். பென்ரைவில் உள்ள ஷோர்ட்கட் ஒன்றின் ஐகனை விண்டோஸ் திரையில் காட்டினாலே போதும், வைரஸ் ஓடத் தொடங்கும். எந்தக் கோப்பையும் யாரும் திறக்கத் தேவையில்லை. அதை மூடிய அப்டேற் அந்த வருடம் ஓகஸ்ட் 2 ஆம் திகதி வந்தது. கண்டதையும் கிளிக் பண்ணாமல் கவனமாக இருப்பவரையும் அந்த ஓட்டை விட்டுவைக்கவில்லை. 2017 மே 12 இல் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வன்னாக்ரை வைரஸ் பரவத் தொடங்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேற் மார்ச் 14 இலேயே வந்திருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாதவர்களின் கோப்புகள்தான் பெரும்பாலும் பூட்டுப்பட்டன.

மாதாந்தப் பாதுகாப்பு அப்டேற் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு வெளியாகிறது. எங்களுக்கு அது செவ்வாய் இரவு 10.30, அங்கே குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11.30. சுடச்சுடப் போடத் தேவையில்லை. வெள்ளி அல்லது சனி வரை பொறுத்தால், அந்த மாத அப்டேற்றில் பெரிய பிழை இருந்தால் அதற்குள் செய்தி வந்துவிடும். அதற்கு மேல் இழுக்கவும் வேண்டாம். ஓட்டை எங்கே இருந்தது என்பது அப்டேற் வந்தவுடன் கள்ளருக்கும் தெரிந்துவிடுகிறது. மாதக் கடைசியில் ‘பிரிவியூ’ என்று வருவது கட்டாயமில்லை. அதில் இருப்பது அடுத்த மாதம் எப்படியும் வரும், விட்டுவிடுங்கள். ‘ஒப்ஷனல் அப்டேற்ஸ்’ பகுதியில் காட்டும் டிரைவர்களும் அப்படித்தான். சவுண்டோ வைஃபையோ வேலை செய்யாமல் இருந்தால் மட்டும் அங்கே போய்ப் பாருங்கள்.

டேற்றாதான் இங்கே பெரிய விசயம். விண்டோஸ் 11 இன் மாத அப்டேற் நூற்றுக்கணக்கான எம்பியிலிருந்து சில ஜிபி வரை போகும். கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் வேலையாக, செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபையின் பெயரைத் திறந்து ‘மீற்றேர்ட் கனெக்ஷன்’ என்பதை ஒன் பண்ணுங்கள். அதன்பிறகு பெரிய அப்டேற்கள் கேட்காமல் இறங்காது. போனின் ஹொட்ஸ்பொட்டைப் பாவிப்பவர்கள் அந்த இணைப்புக்கும் தனியாக இதைச் செய்யவேண்டும். ஆனால் மீற்றேர்ட் என்று போட்டுவிட்டு மறப்பது அப்டேற்றை நிறுத்தி வைப்பதற்குச் சமம். பல பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு இரவு டேற்றா தனியாக இருக்கிறது, பகலில் அதைத் தொட முடியாது, மாத முடிவில் பாவிக்காமலே போகிறது. இரண்டாவது செவ்வாயை அடுத்து வரும் வெள்ளி அல்லது சனி இரவு, உங்கள் பக்கேஜின் இரவு நேரம் தொடங்கியதும் மீற்றேர்டை ஓஃப் பண்ணி, ‘செக் ஃபோர் அப்டேற்ஸ்’ அழுத்திவிட்டுப் படுக்கலாம். அதற்கு முன் பவர் செற்றிங்கில் ‘ஸ்லீப்’ நேரத்தை ‘நெவர்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் கணினியும் உங்களோடு சேர்ந்து படுத்துவிடும், காலையில் பார்த்தால் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற டவுண்லோட் பொதுவாக விட்ட இடத்திலிருந்தே தொடரும், வீணாகாது.

வீட்டில் இரண்டு மூன்று கணினி இருந்தால் ஒரு கணினி இறக்கிய அப்டேற்றை மற்றக் கணினிகளுக்கும் கொடுக்கும் ‘டெலிவரி ஒப்ரிமைசேஷன்’ என்ற வசதியைக் கட்டாயம் பாவிக்கவேண்டும். இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆனால் ஆட்கள் அறிந்திருப்பதோ குறைவு. விண்டோஸ் அப்டேற், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், டெலிவரி ஒப்ரிமைசேஷன் என்று போனால், மற்றக் கணினிகளிடமிருந்து டவுண்லோட் செய்ய அனுமதிக்கும் சுவிட்ச் இருக்கும். அதை ஒன் பண்ணி, உள்ளூர் நெற்வேர்க்கில் உள்ள கணினிகள் மட்டும் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இன்ரர்நெற்றில் உள்ள கணினிகளையும் சேர்க்கும் தெரிவை எடுத்தால் உங்கள் டேற்றாவில் ஊர் பேர் தெரியாதவருக்கு அப்டேற் அனுப்புவீர்கள். ஒரு கணினியில் முதலில் இறக்கி முடித்து, அதை நிப்பாட்டாமல், அடுத்ததில் தொடங்குங்கள். கொடுக்கும் கணினி லப்டொப் என்றால் சார்ஜரில் இருக்கவேண்டும், பற்றரியில் ஓடும்போது அது மற்றவருக்குக் கொடுக்காது. 4 ஜிபிக்குக் குறைந்த ராம் உள்ள கணினியும் இந்தப் பகிர்வில் சேராது. வேலை செய்கிறதா என்று அறிய அதே பக்கத்தில் ‘அக்ரிவிற்றி மொனிற்றர்’ இருக்கிறது. உள்ளூர் நெற்வேர்க்கிலிருந்து வந்த பங்கு எத்தனை வீதம் என்று வட்டமாகக் காட்டும். அங்கே பூச்சியம் நின்றால், இரண்டு கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சிக்னல் எழும்பாத இடங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, அப்டேற் கோப்புகளைத் தனித்தனியாக இறக்கத் தரும் மைக்ரோசொப்ற் அப்டேற் கற்றலொக் என்ற இணையத்தளம். பைபர் இணையம் உள்ள நண்பர் வீட்டில் இருந்துகொண்டு அந்தத் தளத்தில் அப்டேற்றின் கேபி எண்ணை (ஒவ்வொரு அப்டேற்றுக்கும் உள்ள அடையாள எண்) தேடி, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கும் 64 பிற்றுக்கும் உரிய கோப்பை இறக்கிப் பென்ரைவில் கொண்டுவரலாம். இங்கே கவனிக்கவேண்டியது அளவு: விண்டோஸ் 11 இன் 24எச்2 என்ற பதிப்புக்குப் பிறகு இந்தக் கோப்புகள் நன்றாகப் பருத்துவிட்டன, 4 ஜிபி பென்ரைவை நம்பிப் போகவேண்டாம். சில மாதங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்பும் தேவைப்படும். கற்றலொக் காட்டும் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் எடுங்கள்.

அடுத்தது கரண்ட். அப்டேற்றுக்கு மூன்று கட்டம் உண்டு: இறக்குவது, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பதிவது, ரீஸ்ரார்ட்டில் கோப்புகளை மாற்றி எழுதுவது. முதல் இரண்டிலும் கரண்ட் போனால் பெரிதாகப் பயமில்லை. மூன்றாவதில், அதாவது நீலத் திரையிலோ கறுப்புத் திரையிலோ வீதம் ஏறிக்கொண்டிருக்கும்போது போனால், அடுத்த தடவை விண்டோஸ் செய்ததைத் திரும்ப எடுக்கப் பார்க்கும், பெரும்பாலும் மீளும். மீளாத கேஸ்கள் எங்களிடம் வருவது பழைய ஹார்ட் டிஸ்க் கணினிகளில்தான். எஸ்எஸ்டியில் அந்தக் கட்டம் சில நிமிடத்தில் முடியும், ஹார்ட் டிஸ்க்கில் அரை மணித்தியாலத்துக்கு மேலும் போகும். சாதாரண 650 விஏ யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. பராமரிப்புக்காக மின்வெட்டு அறிவித்த நாளில் காலையில் ரீஸ்ரார்ட் அழுத்தாதீர்கள். மழையும் இடியுமாக இருக்கும் மாலைகளிலும் வேண்டாம். லப்டொப் என்றால் பற்றரி பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

வீதம் 30 இலேயே நின்றுவிட்டது என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் பட்டனை அழுத்துவது இங்கே அதிகம் நடக்கும் பிழை. திரையைப் பார்க்காமல் டிஸ்க்கின் சின்ன லைற்றைப் பாருங்கள். அது மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. இரண்டு மணித்தியாலமாக அசைவே இல்லை, லைற்றும் செத்துவிட்டது என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்துச் செக்கன் பிடியுங்கள். விண்டோஸ் அடுத்தடுத்து எழும்ப முடியாமல் போனால் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ‘ட்ரபிள்சூற்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘அன்இன்ஸ்ரோல் அப்டேற்ஸ்’ என்று போய், கடைசியாக வந்த ‘குவாலிற்றி அப்டேற்’றை, அதாவது மாத அப்டேற்றை, கழற்றலாம். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் திரை பிற்லொக்கர் கீ (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதியின் திறப்பு) கேட்டால் 48 இலக்க எண் தேவை. அது உங்கள் மைக்ரோசொப்ற் கணக்கில் இருக்கும், ஆகவே அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கவேண்டும். கடைக்காரர் தன் மெயிலில் திறந்து கொடுத்த கணக்கு என்றால் இன்றே மாற்றி, கீயைப் பேப்பரில் எழுதி வையுங்கள்.

அப்டேற் ஏறாமல் திரும்பத் திரும்பத் தோற்கும் கணினிகளில் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. முதலாவது இடம் இல்லாமை: பிழை எண் 80070070 என்று முடிந்தால் அதுதான். 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ளவர்கள் மாத அப்டேற்றுக்கு 10 ஜிபியாவது சும்மா விடவேண்டும். செற்றிங்ஸில் ஸ்ரோரேஜ், ரெம்பரறி ஃபைல்ஸ் என்று போய் ‘விண்டோஸ் அப்டேற் கிளீன்அப்’பை அழித்தால் சில ஜிபி கிடைக்கும். அங்கேயே ‘டவுண்லோட்ஸ்’ என்பதும் ஒரு வரியாக இருக்கும், அதில் சரி அடையாளம் விழுந்தால் உங்கள் கோப்புகள் போய்விடும், பார்த்து எடுங்கள். இரண்டாவது காரணம் பலருக்குத் தோன்றாதது: மதர்போர்டின் பற்றரி. கரண்ட் போய் வரும் பழைய மேசைக் கணினியில் அந்தப் பற்றரி செத்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழை என்றால் பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்கும், அப்டேற் சேர்வரோடு இணைப்பே கிடைக்காது. சீஆர் 2032 என்ற காசு அளவுப் பற்றரி ஒன்றை மாற்றினால் தீரும் வேலை. இரண்டும் இல்லாவிட்டால், விண்டோஸ் 11 இல் செற்றிங்ஸ், சிஸ்ரம், ரிக்கவரி என்று போங்கள். விண்டோஸ் அப்டேற் மூலம் பிழையைத் திருத்தும் பட்டன் அங்கே இருக்கிறது. கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் திரும்பப் பதியும். பல ஜிபி இறங்கும், இரவு டேற்றாவில் செய்யுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேவை 2025 ஒக்ரோபர் 14 உடன் வழமையான முறையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பாதுகாப்பு அப்டேற் பெற ஈஎஸ்யூ திட்டத்தில் பதியவேண்டும். வீட்டுக் கணினிக்கு அது 2026 ஒக்ரோபர் 13 வரை என்றே தொடங்கப்பட்டது. பதிப்பு 22எச்2 ஆக இருக்கவேண்டும், மைக்ரோசொப்ற் கணக்கும் வேண்டும். விண்டோஸ் பக்கப்பில் செற்றிங்ஸைச் சேமித்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர். ஒரு பதிவு பத்துக் கணினி வரை செல்லும். ரீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததாலோ புரொசசர் பழையது என்பதாலோ 11 க்குப் போக முடியாத கணினிக்கு எங்கள் விருப்பம், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ற். அதன் 22 ஆவது பதிப்புக்கு 2029 வரை அப்டேற் உண்டு, அது தானாக ரீஸ்ரார்ட்டும் ஆகாது. நெற், யூரியூப், கடிதம் அடிக்க என்று பாவிக்கும் வீட்டுக்கு அது தாராளம்.

கணினி பொருத்தித் தரும் சில இடங்களில் பகுதிகளை வெட்டிக் குறைத்த ‘லைற்’ விண்டோஸ் போட்டு, அப்டேற் சேர்விஸையே முடக்கிக் கொடுக்கிறார்கள். கணினி வேகமாகத் தெரியும், வாடிக்கையாளர் திரும்பி வந்து முறையிடமாட்டார். வாங்கும்போதே, காசு கொடுக்க முதல், விண்டோஸ் அப்டேற் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சில செற்றிங்குகள் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகின்றன என்று வீட்டுக் கணினியில் எழுதியிருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். மைக்ரோசொப்ற் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆக்ரிவேற் ஆகாத, அதாவது லைசன்ஸ் உறுதிப்படாத, விண்டோஸுக்கும் பாதுகாப்பு அப்டேற் வரும் என்பதால் கள்ள ஆக்ரிவேற்றர் போட அதை ஒரு சாட்டாகச் சொல்ல இடமில்லை.

இன்னொன்று: பிரவுசருக்குள்ளே முழுத்திரையில் விண்டோஸ் அப்டேற் மாதிரிக் காட்டி, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எதையாவது பேஸ்ற் பண்ணச் சொன்னால் அது கள்ளம். உண்மையான அப்டேற் எதையும் பேஸ்ற் பண்ணச் சொல்லாது. திரையை மூட எஸ்கேப் அல்லது ஆல்ற்றோடு எஃப்4.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க, பச்சைச் சரி அடையாளத்தை மட்டும் நம்பவேண்டாம். ‘அப்டேற் ஹிஸ்ரறி’யைத் திறந்து, ‘குவாலிற்றி அப்டேற்ஸ்’ இன் கீழ் மேலே நிற்கும் திகதியைப் பாருங்கள். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு வரும் வரைவிலக்கண அப்டேற் தினமும் வரும், அது தனிக் கணக்கு. குவாலிற்றி அப்டேற்றின் திகதி ஐந்து கிழமைக்கு மேல் பழையதாக இருந்தால் ஏதோ தடைப்பட்டிருக்கிறது: ‘போஸ்’ (தற்காலிக நிறுத்தம்) போடப்பட்டிருக்கலாம், மீற்றேர்ட் ஒன் ஆகவே இருந்திருக்கலாம், இடம் முடிந்திருக்கலாம். இந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள்.