டேட்டாபேஸுக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்: ரெடிஸ், டிராகன்ஃப்ளை, மாங்கோடிபி, போஸ்ட்கிரெஸ்

சர்வரில் 16 கோர் இருக்கும். உள்ளே ஓடும் ஸ்கிரிப்டோ ஒரே கோரில் திணறிக்கொண்டிருக்கும். பல திரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளில்) ஓடவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு ஸ்கிரிப்ட் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்ற வந்தால், அதைக் காப்பது யார் பொறுப்பு? ரெடிஸ், டிராகன்ஃப்ளை, மாங்கோடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகிய நான்கு டேட்டாபேஸ்களும் பிரிவது அங்கேதான்.

ரெடிஸில் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழி 2.6 பதிப்பிலேயே (2012) வந்துவிட்டது. ஒரு ஸ்கிரிப்ட் முடியும் வரை வேறு கட்டளை எதுவும் ஓடாது. கையிருப்பைப் பார்த்துக் குறைப்பது போன்ற வேலையை லாக் (பிறர் தொடாதபடி தரவைப் பூட்டுவது) பற்றிய கவலையே இல்லாமல் எழுதலாம். எனக்கு இது பெரிய நிம்மதி. ஸ்கிரிப்ட் நீண்டால்தான் சிக்கல். இயல்பு அமைப்பில் 5 நொடி வரை எல்லோரும் காத்திருப்பார்கள், அதன்பின் 'பிஸி' என்ற பிழை போகும். 'ஸ்கிரிப்ட் கில்' கொடுத்து நிறுத்தலாம். ஆனால் ஸ்கிரிப்ட் அதற்குள் எதையாவது எழுதியிருந்தால் அதுவும் பலிக்காது. சேமிக்காமல் சர்வரை மூடுவதுதான் மிச்ச வழி. 6.0-இல் (2020) வந்த ஐஓ திரெட்கள் நெட்வொர்க் வேலைக்கு மட்டுமே. அந்த எண்ணிக்கையைக் கூட்டினாலும் லுவா பல கோர்களில் ஓடாது.

டிராகன்ஃப்ளை ரெடிஸ் கட்டளைகளையே பேசுகிறது, ஆனால் தரவைத் திரெட்களுக்கிடையே பிரித்து வைத்திருக்கிறது. ஸ்கிரிப்ட் எந்தெந்தக் கீயை (தரவு சேமிக்கப்பட்டிருக்கும் பெயரை) தொடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் கீகளுக்கு மட்டும் லாக் விழும்; பொதுவான கீ இல்லாத ஸ்கிரிப்ட்கள் ஒரே நேரத்தில் ஓடலாம். கீயின் பெயரை ஓடும்போதே கட்டும் பழைய ஸ்கிரிப்ட்தான் இங்கே மாட்டும். அதற்கென ஒரு விலக்கு உண்டு, ஆனால் அதைப் போட்டால் முழு டேட்டாபேஸும் லாக் ஆகி, எதற்காக மாறினோமோ அதுவே போய்விடும். ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதுவதுதான் சரி.

மாங்கோடிபியில் ஒரு காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வேலைதான் ஓடும். 2.4-இல் (2013) வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் வந்து அந்தத் தடை நீங்கியது. 3.2-இல் அதற்கு முன் இருந்த ஸ்பைடர்மங்கி எஞ்சினுக்கே திரும்பினார்கள், ஆனால் பழைய தடை திரும்பவில்லை. 8.0-இல் சர்வர் பக்க ஜாவாஸ்கிரிப்டையே கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டதால், புதிதாக எழுதுபவர்கள் அக்ரிகேஷன் பைப்லைனுக்கு (தரவைப் படிப்படியாகச் செயலாக்கும் மாங்கோடிபியின் சொந்த வழிக்கு) போவதே நல்லது.

போஸ்ட்கிரெஸ் வழி தனி. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு பிராசஸ். ஆகவே இரண்டு கனெக்‌ஷன்களில் ஓடும் பைத்தான் ஃபங்ஷன்கள் ஒரே இன்டர்பிரெட்டர் லாக்குக்காக (ஒரு பிராசஸில் ஒரு நேரத்தில் ஒரு பைத்தான் திரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு) மோதுவதில்லை. ஒரே க்வெரியைப் பல வொர்க்கர்களுக்கு (துணைப் பிராசஸ்களுக்கு) பிரிப்பது 9.6-இல் (2016) வந்தது. பலர் தவறவிடுவது ஒன்று: நாம் எழுதும் ஃபங்ஷன் எதுவும் சொல்லாவிட்டால் 'பேரலல் அன்சேஃப்' (பிரித்து ஓட்டப் பாதுகாப்பற்றது) என்றே கொள்ளப்படும். அப்படி ஒன்றே ஒன்று க்வெரியில் இருந்தாலும் முழு க்வெரியும் ஒற்றைப் பிராசஸில்தான் ஓடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 'சேஃப்' என்று போட்டுவிடவும் கூடாது; டேபிளில் எழுதும் அல்லது சீக்வென்ஸை (வரிசை எண் தருவதை) நகர்த்தும் ஃபங்ஷனுக்கு அப்படிப் போட்டால் பிழையோ தவறான விடையோ வரலாம்.

சிறிய, முறியக் கூடாத மாற்றங்களுக்கு நான் ரெடிஸையே வைத்துக்கொள்வேன். கீகள் முன்கூட்டியே தெரிந்து, ஒரு கோர் போதாமல் போனால் டிராகன்ஃப்ளை. பெரிய டேபிள் மீது கனமான கணக்கு என்றால் போஸ்ட்கிரெஸ். அப்புறம், 'எக்ஸ்பிளெய்ன்' (க்வெரி எப்படி ஓடும் என்ற பிளானைக் காட்டும் கட்டளை) கொடுத்து பிளானில் 'கேதர்' (வொர்க்கர்களின் விடைகளைச் சேர்க்கும் படி) வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வொர்க்கர் எண்ணிக்கையைக் கூட்டும் முன் ஃபங்ஷனின் 'சேஃப்/அன்சேஃப்' அடையாளத்தைச் சோதியுங்கள்.