கிளிநொச்சி மேளக் குழு: கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு

தங்கச்சியின் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு வீட்டு முற்றத்தில் வாசிக்க, கிளிநொச்சியில் இருந்து ஒரு நாதஸ்வரம், தவில் குழுவைப் பிடித்தோம். கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி.

கல்யாணப் பெண்ணுக்காக முதல் நாளே வாசிப்பது ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறது. சால்ஸ்பர்க்கில் 1776 ஜூலையில், ஹாஃப்னர் வீட்டு மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வாசிக்கவென்றே இசையமைப்பாளர் மோட்சார்ட் ஒரு செரினேட் (மாலை நேரத்தில் வாசிக்கும் இசைக்கோவை) எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டிலும் அப்படியொரு இரவு வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

மோகன ராகத்தில் தொடங்கி ஆனந்தபைரவிக்கு வந்தபோது, பரந்தனில் இருந்தும் முரசுமோட்டையில் இருந்தும் வந்த சொந்தங்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். நாதஸ்வரம் வாசித்த பெரியவர் ஆலாபனையை அவசரப்படுத்தவே இல்லை. அப்புறம் அப்பம்மா நீலாம்பரி கேட்டா. தவிலை நிறுத்தி, நாதஸ்வரத்தையும் சுருதியையும் மட்டும் வைத்துத் தாலாட்டுப்போல வாசித்தார். தங்கச்சி அழுதுவிட்டாள்.

குறை ஒன்றுதான்: ஒலிபெருக்கி. நாதஸ்வரம் ஊருக்கே கேட்கும் வாத்தியம், முற்றத்துக்குப் பெட்டி எதற்கு? வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சினிமாப் பாட்டு விருப்பம் என்றால் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாகனச் செலவு தனி, அதையும் பேசி முடியுங்கள்.