பழைய மேசைக்கணினியைப் பாகம் பாகமாகப் புதுப்பித்தல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் உள்ள மேசைக்கணினி இன்டெலின் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. எச்81 மதர்போர்டு, ஐ3-4130 பிராசசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு வாங்கிய அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடாமல், கையில் பணம் சேர்ந்தபோதெல்லாம் ஒவ்வொரு பாகமாக மாற்றி, பல ஆண்டுகளாக அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். எழுத்துப்பணி, நிறையத் தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு இணையத்தில் தேடுவது, புகைப்படத் திருத்தம், அவ்வப்போது 1080பி காணொளித் தொகுப்பு ஆகியவையே என் தேவைகள்.

எந்தப் பாகத்தை வாங்குவதற்கு முன்பும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினேன். கணினி இப்போது எதற்காகக் காத்திருக்கிறது என்பது முதலாவது. வாங்கப்போகும் பாகம் அடுத்த கணினிக்கும் கூட வருமா என்பது இரண்டாவது. எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான, சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்), எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி), கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை இன்னொரு பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அவற்றில் தரம் பார்த்துச் செலவு செய்வதில் நியாயம் உண்டு. டிடிஆர்3 ராமும் எல்ஜிஏ1150 என்ற சாக்கெட்டில் (பிராசசர் அமரும் இடம்) பொருந்தும் பிராசசரும் இந்த மதர்போர்டோடு முடிந்துவிடுபவை. அவற்றைப் பயன்படுத்தப்பட்ட நிலையில் மலிவாக வாங்குவதே சரி.

முதல் கேள்விக்கு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே விடை சொன்னது. கணினி தொடங்கி வெகுநேரம் ஆன பின்னும் டிஸ்க் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நிற்க, பிராசசர் பெரும்பாலும் சும்மா இருந்தது. ஹார்ட் டிஸ்க் ஒரே கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது வினாடிக்கு நூறு எம்பிக்கு மேல் தந்தாலும், தட்டின் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்கையில் ஓரிரு எம்பிக்குள் சுருங்கிவிடும்; இயங்குதளம் நாள் முழுவதும் செய்வது இந்த இரண்டாம் வகை வேலையைத்தான். சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணையும் அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டி வந்த அன்றே கணினியைத் திறக்கும் அனுபவம் முற்றிலும் மாறியது. இத்தனை ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் செலவுக்கு மிக அதிகப் பலன் தந்தது இதுவே என்று தயக்கமின்றிச் சொல்வேன். மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லான எச்81 சிப்செட்டில் உள்ள நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை, மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். ஆகவே மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துச் சரியான இணைப்பில் செருக வேண்டும். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருப்பதையும் இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்தது ராம். இந்த மதர்போர்டில் இரண்டு ஸ்லாட்டுகள்தான். உச்சம் 16 ஜிபி. இரண்டு 8 ஜிபி குச்சிகளைப் போட்டதில், தாவல்களுக்கு இடையே மாறும்போது ஏற்பட்ட திணறல் நின்றது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மிக மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 குச்சிகளில் சில, ஏஎம்டி பிராசசருக்கான மதர்போர்டுகளில் மட்டுமே இயங்கும் வகையைச் சேர்ந்தவை. அதை விளம்பரத்தின் ஒரு மூலையில் குறிப்பிட்டிருப்பார்கள். வாங்கிய குச்சிகளை மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை மென்பொருளைக் கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதித்த பிறகே நம்பிப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

பிராசசருக்கு ஐ5-4590ஐத் தேர்ந்தெடுத்தேன். பழைய ஐ3 இரண்டு கோர்களை (பிராசசரின் செயற்கருக்கள்) வைத்துக்கொண்டு நான்கு திரெட்டுகளை (ஒரே நேரத்தில் நடக்கும் பணித்தொடர்கள்) ஓட்டியது. இதில் நான்கும் தனித்தனிக் கோர்கள், டர்போவில் (தேவைப்படும்போது தானாக உயரும் வேகம்) 3.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதே சாக்கெட்டுக்கான ஐ7 வகைகளைப் பழைய பாகங்களாகவே விற்றாலும் அப்போது விலை இறங்காமல் இருந்தது. மதர்போர்டோடு முடிந்துபோகும் ஒரு பாகத்துக்கு அவ்வளவு கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. 4590 போன்றவை 2014இல் வந்தவை; அதற்கு முன் தயாரான எச்81 மதர்போர்டுகளுக்குப் புதிய பயாஸ் தேவைப்படும் என்பதால், பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அதைப் புதுப்பித்துவிட்டேன். கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கினால் பிராசசருக்கும் கூலருக்கும் இடையே காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட் இளகும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, நேராக இழுக்காமல் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். பட்டாணி அளவு புதிய பேஸ்ட் போதும். கூலரை மீண்டும் பொருத்தும்போது அதன் நான்கு ஊசிகளையும் வரிசையாக அழுத்தாமல், எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்தினால்தான் சமமாகப் படியும். 'டிக்' என்ற ஒலி நான்கு முறை கேட்டாலும், மதர்போர்டின் பின்புறத்தில் நான்கு நுனிகளும் விரிந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

கிராபிக்ஸ் கார்டுக்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கேபினட்டோடு வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் தடத்திலிருந்துதான். அதற்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், உண்மையில் கிடைப்பது 192 வாட் மட்டுமே. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, மிகைமின்னழுத்தத்துக்கும் குறுக்குச்சுற்றுக்கும் எதிரான பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவற்றைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அலுவலகங்களுக்கென விற்கப்பட்ட சில நிறுவனக் கணினிகளில் வழக்கமான 24 முனை இணைப்புக்குப் பதிலாக அவற்றுக்கே உரிய இணைப்பு இருக்கும் என்பதையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு வாங்கியது 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டு. இதன் 75 வாட் தேவையை ஸ்லாட்டே கொடுத்துவிடும். தனி மின்கம்பி வேண்டாத மாதிரியாகப் பார்த்து எடுத்தேன். விபி9 என்ற சுருக்க முறையில் வரும் காணொளிகளைக் கார்டே கையாள்வதால் பிராசசரின் பளு வெகுவாகக் குறைந்தது. தொகுத்த காணொளியைக் கோப்பாக மாற்றும் நேரமும் கணிசமாகச் சுருங்கியது. இதைவிடப் புதிய ஆர்எக்ஸ் 6400 கார்டையும் பரிசீலித்தேன். அது பிசிஐஇ (கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் இணைப்பு) தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. எச்81இல் கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 2.0 வேகத்துக்குள் அடங்கியது என்பதால் அந்த நான்கு தடங்களில் வினாடிக்குச் சுமார் 2 ஜிபிதான் போகும். தொகுத்த காணொளியைக் கோப்பாக மாற்ற உதவும் வன்பொருளும் அதில் இல்லை. புதியது என்பதற்காக வாங்கியிருந்தால் என் வேலைக்கு அது உதவியிருக்காது.

சாட்டாவுக்குப் பதில் பிசிஐஇ தடங்களில் இயங்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியை அடாப்டர் வழியாகப் பொருத்தும் யோசனையையும் கைவிட்டேன். எஞ்சியிருக்கும் ஒற்றைத் தட ஸ்லாட் வினாடிக்கு 500 எம்பியைத் தாண்டாது. அந்தக் காலத்துப் பயாஸ்களில் பெரும்பாலானவை என்விஎம்இயிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்கவும் செய்யாது.

வன்பொருள் இன்னும் உழைக்கத் தயாராக இருக்கையில் மென்பொருள்தான் முதலில் கைவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெலின் எட்டாம் அல்லது அதற்குப் பிந்தைய தலைமுறையையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. விதிமுறைகளைச் சுற்றி நிறுவும் வழிகள் இருந்தாலும், புதுப்பிப்புகளுக்கு உத்தரவாதமில்லாத அமைப்பில் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு விருப்பமில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினேன். தமிழ்த் தட்டச்சு, உலாவி, புகைப்படத் திருத்தம் மூன்றும் அதில் சீராக நடக்கின்றன.

இப்போது தெரியும் ஒரே குறை, ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் வரும் காணொளிகள். 1050 டிஐயில் அதற்கான வன்பொருள் வசதி இல்லாததால் பிராசசரே அந்த வேலையைச் செய்கிறது. என் திரை 1080பி என்பதால் அது தாங்குகிறது. 4கே திரைக்கு மாற நேர்ந்தால் தாங்காது. அப்போது மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் ஒன்றாக மாற்றுவேன்; எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினட்டும் அப்படியே தொடரும்.