ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி விமர்சனம்: துப்புரவுக்கு நான்கு நட்சத்திரம், கூலிப் பட்டியலுக்கு ஒன்று

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி இது. பெயர் இங்கே தேவையில்லை. துப்புரவில் பெரிய குறை இல்லை. காலையிலேயே படிக்கட்டுகளைப் பெருக்கி முடித்துவிடுகிறார்கள். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குகிறார்கள். ஒருவர் வராவிட்டால் மாற்று ஆள் வருகிறார். கூப்பிட்டால் சூப்பர்வைசர் போனை எடுக்கிறார், அதுவே பெரிய விஷயம்.

கோளாறு கொட்டேஷனில் இருக்கிறது. ‘ஹவுஸ்கீப்பிங் – ஆண்’, ‘ஹவுஸ்கீப்பிங் – பெண்’ என்று இரண்டு வரி போட்டு, இருவருக்கும் எட்டு மணி நேரம் என்று எழுதிவிட்டு, பெண்ணுக்கு மாதம் 2,000 ரூபாய் குறைத்திருக்கிறார்கள். கேட்டால், ஆண்கள் கனமான வேலை பார்க்கிறார்கள் என்பார்கள்.

வேலைப் பட்டியலைப் பார்ப்போம். ஆண்கள் 240 லிட்டர் குப்பைத் தொட்டியை கேட் வரை தள்ளுகிறார்கள், மொட்டை மாடியும் கார் பார்க்கிங்கும் கழுவுகிறார்கள். தொட்டிக்குச் சக்கரம் உண்டு. பெண்கள் 15 லிட்டர் வாளியை மாடி மாடியாகத் தூக்குகிறார்கள். அது 15 கிலோ எடை, பல இடங்களில் லிஃப்ட்டும் அவர்களுக்கு இல்லை. கிளப் ஹவுஸ் கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும், உடைந்த கண்ணாடியும் பிளேடும் கிடக்கும் குப்பையைக் கையால் பிரிப்பதும் அவர்கள்தான்.

இந்த இரண்டு வேலையும் ஒரே மதிப்பா என்று பார்க்கக் கடினமான கணக்கு எதுவும் வேண்டாம். ஒரு வார வேலைகளை, யார் செய்கிறார் என்று குறிப்பிடாமல், தனித்தனித் தாளில் எழுதுங்கள். திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் என நான்கு தலைப்பில் இருவர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். பெரும்பாலும் தவறு நடப்பது உழைப்பில்தான். ஒரே தூக்காகத் தூக்கும் எடைக்கு மதிப்பெண் விழும், நாள் முழுக்கக் குனிந்து நிமிர்வதற்கு விழாது. ஆசிட் நெடிக்கும் யாரும் போடுவதில்லை. வேலை நேரம் வேறாக இருந்தால் மாதச் சம்பளத்தை ஒப்பிடாதீர்கள். 26 நாள், எட்டு மணி என்றால் 208 மணி நேரம், அதால் வகுத்து மணிக்கூலியைப் பாருங்கள்.

கட்டுப்படியாகாது என்பார்கள். 2,000 உயர்த்தினால், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து பிஎஃப் வரம்பான 15,000-க்குள் இருக்கும்வரை, முதலாளி கட்ட வேண்டிய பிஎஃப் 13% (260), இஎஸ்ஐ 3.25% (65), வழக்கமாக ஏற்றும் போனஸ் 8.33% (167) சேர்ந்து 2,492. ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் 8%, ஜிஎஸ்டி 18% போட்டால் ஏறக்குறைய 3,175. உதாரணமாக, ஆறு பெண்கள் என்றால் 19,050. 120 வீட்டில் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 159 ரூபாய். நிறுவனத்தின் நிதி நிலைமையைக் காரணம் காட்டிச் சம ஊதியத்தை மறுக்க முடியாது என்று, பெண் ஸ்டெனோகிராஃபர்கள் தொடர்பான மக்கின்னன் மெக்கன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது.

1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. ஒரே தன்மையுள்ள வேலைக்குப் பாலினம் பார்த்துக் கூலி வைக்க அதில் இடமில்லை. சமப்படுத்துகிறேன் என்று ஆண்களின் கூலியைக் குறைக்கவும் கூடாது. இந்த ஏஜென்சி முதலில் நீட்டிய சமரசம் அதுதான். ஒப்பந்ததாரரான ஏஜென்சி கொடுக்காமல் விட்ட ஊதியத்துக்குக் குடியிருப்போர் அசோசியேஷனே பொறுப்பாகும் என்பதைச் செயலாளர்கள் கவனிக்க வேண்டும். தொழிலாளி மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கலாம். கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி.

கொட்டேஷனில் ஒரே வரியாக மாற்றிக் கொடுத்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். பில்லில் சமமாக வாங்கிக்கொண்டு கையில் குறைத்துக் கொடுப்பது சாதாரணம். மாதாமாதம் சம்பளச் சீட்டு, வங்கிப் பரிமாற்றப் பட்டியல், பிஎஃப் இசிஆர் (யாருக்கு எவ்வளவு பிஎஃப் கட்டினார்கள் என்ற மாதக் கணக்கு) மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பில்லுக்குக் கையெழுத்து என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏப்ரல் 1-ல் பஞ்சப்படி மாறும்போது இருபாலருக்கும் ஒரே தொகை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால் இவர்களை வைத்துக்கொள்ளலாம்; இல்லையென்றால் வேறு ஏஜென்சியிடம் கொட்டேஷன் கேளுங்கள்.