எலெக்ட்ரிக் பேஸா, அக்கூஸ்டிக் பேஸா? திருகில் நிற்பதும் பசையில் நிற்பதும்

பேஸ் என்பது தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார். ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) வேண்டாம், கேபிள் வேண்டாம், உறையிலிருந்து எடுத்ததும் வாசிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் பலர் முதல் பேஸாகவே அக்கூஸ்டிக் பேஸை வாங்குகிறார்கள். அறையில் தனியாக வாசிக்கும்வரை அந்த நம்பிக்கை பலிக்கும். பக்கத்தில் ஒருவர் சாதாரண ஆறு தந்தி கிட்டாரை எடுத்து ஸ்ட்ரம் செய்யத் தொடங்கினால் பேஸின் ஒலி அதில் அமுங்கிப் போய்விடும். ஆகவே இந்த ஆம்ப் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வேறுபாடு ஒன்று உண்டு, அதுதான் பெரியது. எலெக்ட்ரிக் பேஸ் திருகுகளால் பூட்டப்பட்ட கருவி. அக்கூஸ்டிக் பேஸ் பசையால் ஒட்டப்பட்ட கருவி. வாங்கிய பிறகு வரும் ஆண்டுகளில் கருவியோடு நாம் எப்படி வாழப்போகிறோம் என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது.

காற்றும் மின்சாரமும்

பேஸின் தடித்த ஈ (E) தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் காற்றில் 8 மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீண்ட அலையை உரக்க எழுப்ப வேண்டுமானால் அதிரும் பலகையும் அதன் பின்னால் இருக்கும் காற்றறையும் பெரியதாக இருக்க வேண்டும். டபுள் பேஸ் ஆளை விட உயரமாக நிற்பதற்குக் காரணம் அதுதான். மெக்சிகோவின் மரியாச்சிக் குழுக்கள் வாசிக்கும் கிடாரோன் வேறு வழியைப் பிடித்தது. அதன் உடல் நல்ல ஆழம். போதாததற்கு, ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து மீட்டுவார்கள். 1972-இல் எர்னி பால் கொண்டுவந்த எர்த்வுட் பேஸுக்கு அந்தக் கிடாரோனே தூண்டுதல். வயலன்ட் ஃபெம்ஸ் குழுவின் பிரையன் ரிச்சி 1983-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் வாசித்தது அந்தப் பெரிய உடல் கொண்ட பேஸைத்தான்.

இன்று கடைகளில் தொங்கும் அக்கூஸ்டிக் பேஸ்கள் அவ்வளவு பெரியவை இல்லை. மடியில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதற்காக உடலைச் சுருக்கியிருக்கிறார்கள். அந்த உடலுக்குள் இருக்கும் காற்று இயல்பாக ஒத்ததிர்வது 41-க்கு வெகு மேலே. அதனால் ஈ தந்தியை மீட்டும்போது அடிப்படை அதிர்வு மிகக் குறைவாகவே வெளியே வருகிறது. 82-உம் அதற்கு மேற்பட்டவையுமான துணை அதிர்வுகளைக் கேட்டு, கீழே இருக்கும் ஸ்வரத்தை நம் காது தானே ஊகித்துக்கொள்கிறது. அமைதியான அறையில் இது அழகாகவே இருக்கும். இரண்டு கிட்டாரும் கஹோன் என்ற தாளப் பெட்டியும் சேர்ந்த இடத்தில் ஈடுகொடுக்காது. அங்கே அக்கூஸ்டிக் பேஸையும் ஆம்பில் இணைத்தே ஆக வேண்டும்.

எலெக்ட்ரிக் பேஸ் இந்தச் சுமையை உடலிடமிருந்து முழுதாக எடுத்துவிட்டது. 1930-களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் ஃப்ரெட் (விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டை) வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது 1951-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான். கெட்டியான மரப்பலகை, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப், 34 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்). இன்றைய பேஸ்களில் பெரும்பாலானவை அந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. ஒலியைப் பெரிதாக்குவது ஆம்பின் வேலை என்று ஆகிவிட்டதால் உடலை ஒல்லியாக வைக்க முடிந்தது.

வீட்டுப் பயிற்சிக்கு எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் எலெக்ட்ரிக்கைச் சொல்வேன். ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று இருந்தால் நள்ளிரவிலும் யாரையும் எழுப்பாமல் முழு ஒலியோடு வாசிக்கலாம். எதிலும் இணைக்காமல் வெறுமனே வாசித்தால்கூட அமைதியான அறையில் வாசிப்பவர் காதுக்கு எட்டும்.

மேடையில் இருவருக்கும் ஆளுக்கொரு தொல்லை. ஆம்பிலிருந்து வரும் ஒலி அக்கூஸ்டிக் பேஸின் மேற்பலகையைத் திரும்ப அதிர வைத்து ஊளையிடச் செய்யும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பது, பிரியாம்பில் (ஆம்புக்கு முந்தைய சிறு பெருக்கி) உள்ள, ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை மாற்றிப் பார்ப்பது, ஊளையிடும் அதிர்வெண்ணை மட்டும் ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) வெட்டுவது ஆகிய மூன்றும் கைகொடுக்கும். எலெக்ட்ரிக்கில் ஊளை அரிது. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ளவற்றில் மின் இரைச்சல் வரும். 1957 முதல் பிரிசிஷன் பேஸில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப் அந்த இரைச்சலைத் தானே அடக்கிவிடுகிறது. ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்களையும் ஒரே அளவு திறந்து வைத்தால் அடங்கும்.

கைக்கு எப்படி

எலெக்ட்ரிக் பேஸ் கனம். பொதுவாக 3.5 முதல் 4.5 கிலோ வரை இருக்கும், நின்று வாசித்தால் தோள் அதைச் சொல்லும். அக்கூஸ்டிக் பேஸ் அதைவிட இலகு. ஆனால் உடல் தடிமனாக இருப்பதால் வலது கை அதைச் சுற்றி வளைய வேண்டும், சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு விரைவில் முன்கை வலிக்கும். எலெக்ட்ரிக்கில் பிக்கப் மேல் கட்டைவிரலை ஊன்றிப் பழகியவருக்கு அக்கூஸ்டிக்கில் ஊன்ற இடம் கிடைக்காது. ஈ தந்தியின் மேலோ, ஃபிங்கர்போர்டின் விளிம்பிலோ கட்டைவிரலை வைத்துக்கொள்ளப் புதிதாகப் பழக வேண்டும்.

இருவருக்கும் இடையே உள்ள இசை வேறுபாடு ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எலெக்ட்ரிக்கில் தந்தியின் ஆற்றலைக் கெட்டியான மரம் அதிகம் உறிஞ்சுவதில்லை, எனவே ஒரு ஸ்வரம் நீண்டு ஒலிக்கும். எப்போது நிறுத்துவது என்பதை இரண்டு கைகளும் கற்க வேண்டும். வாசிக்காத தந்திகளை அடக்கி வைப்பதே பேஸ் வாசிப்பில் பாதி வேலை. அக்கூஸ்டிக்கில் தந்தியின் ஆற்றல் மேற்பலகைக்குப் போய்ச் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஒரு மரத்தட்டல், பிறகு விரைவான தேய்வு. மெதுவான பாடல்களில், குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் இருக்கும் இடங்களில், அந்தத் தேய்வு விட்டுச்செல்லும் வெளி அவ்வளவு நன்றாக இருக்கும். அதற்காகவே அக்கூஸ்டிக் பேஸை நான் விரும்புகிறேன். எலெக்ட்ரிக்கில் டோனைக் குறைத்து, பிரிட்ஜ் (தந்திகளை உடலில் தாங்கும் பாகம்) பக்கம் பஞ்சு வைத்து அதற்கு அருகில் போகலாம், அப்படியே கொண்டுவர முடியாது.

ஸ்லாப் (தந்தியைக் கட்டைவிரலால் அடிக்கும் முறை) வாசிக்க, 15-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஏறி வாசிக்க எலெக்ட்ரிக்தான். அக்கூஸ்டிக்கில் அந்த இடத்தில் உடல் குறுக்கே வந்துவிடும், கட்-அவே (கை நுழைய உடலில் வெட்டிய வளைவு) இருந்தாலும் ஓரளவுதான் உதவும்.

தந்திகள்

அக்கூஸ்டிக் பேஸில் வெண்கலம் சுற்றிய தந்திகள் போடுவது வழக்கம். எலெக்ட்ரிக்கில் நிக்கல் பூசிய எஃகோ ஸ்டெயின்லெஸ் எஃகோ. இவற்றை மாற்றிப் போட முடியுமா என்ற கேள்விக்கு விடை ஒருபக்கமாகவே அமைகிறது. வெண்கலச் சுற்றைக் காந்தப் பிக்கப் உணராது, உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியை மட்டும் உணரும். அதனால் எலெக்ட்ரிக்கில் வெண்கலம் போட்டால் ஒலி நலிந்துவிடும். அக்கூஸ்டிக்கில் இருப்பதோ சேடிலுக்கு (தந்திகள் ஏறி நிற்கும் துண்டு) அடியில் அழுத்தத்தை உணரும் பியசோ பிக்கப். எந்தத் தந்தியும் அதற்குச் சம்மதம். நைலான் நாடா சுற்றிய கறுப்புத் தந்திகளை அக்கூஸ்டிக்கில் போட்டுப் பாருங்கள். விரல் வழுக்கும் கீச்சொலி போய்விடும், டபுள் பேஸின் சாயல் வரும். அவற்றின் இழுவிசை பெரும்பாலும் குறைவு என்பதால் நெக் (கருவியின் கழுத்து) பின்பக்கமாக வளையலாம், அதற்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு ஒரே விதி கிடையாது. அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் ஜேம்ஸ் ஜாமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வுண்ட் (தட்டைச் சுற்று) தந்திகளைப் போட்டு, அறுந்தாலொழிய மாற்றாமலே வாசித்தவர். அந்த மங்கிய, உருண்ட ஒலி அவருக்கு வேண்டியிருந்தது. வெண்கலத் தந்திகளுக்கு இந்தப் பொறுமை ஒத்துவராது. வியர்வை பட்டால் சீக்கிரமே மங்கிவிடும், மங்கிய வெண்கலத்தில் அழகு மிஞ்சாது.

பழுது

சாதாரண நான்கு தந்தித் தொகுதி ஒன்று நெக்கை ஏறக்குறைய 80 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கிறது. உறையில் தூங்கும்போதும் இழுக்கிறது. எலெக்ட்ரிக் பேஸ் கெட்டியான பலகை என்பதால் இதை எளிதாகத் தாங்கும். அக்கூஸ்டிக்கில் அதைத் தாங்குவது சில மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள மேற்பலகையும், அதன் அடியில் ஒட்டிய மரச்சட்டங்களும், மேலே ஒட்டிய பிரிட்ஜும்தான். ஆண்டுகள் போகப் போகப் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மெல்ல மேலே உப்பும், நெக் முன்னோக்கிச் சாயும், தந்திகள் ஃப்ரெட்டிலிருந்து விலகி உயரும்.

தந்தி உயர்ந்துவிட்டது என்ற ஒரே குறைக்கு இரண்டு கருவிகளிலும் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். முதல் படி இரண்டுக்கும் ஒன்றுதான், நெக்கின் வளைவைப் பார்ப்பது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்தும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால், நடுவே 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் டிரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். வளைவு சரியாகியும் தந்தி உயரமாகவே இருந்தால் இரண்டு பாதைகளும் அங்கே பிரிகின்றன.

எலெக்ட்ரிக்கில் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சேடில், ஒவ்வொன்றிலும் சின்ன ஆலன் திருகுகள். திருகினால் இறங்கும், பிடிக்காவிட்டால் மறுபடி ஏற்றலாம். 17-ஆம் ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்குங்கள். சேடிலை முழுக்க இறக்கியும் போதவில்லை என்றால் நெக்கின் நான்கு திருகுகளைக் கழற்றி, குழியில் மெல்லிய மரத்தகடு ஒன்றை வைத்து மறுபடி பூட்டலாம். நெக்கின் கோணமே மாறிவிடும். கவனமாக இருக்கும் எவரும் வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலை இது.

அக்கூஸ்டிக்கில் சேடில் என்பது ஒரே துண்டு எலும்போ பிளாஸ்டிக்கோ. அதை வெளியே எடுத்து அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கச் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், தேய்த்தது திரும்ப வராது. அடிப்பக்கம் துளி கோணலானாலும் கீழே இருக்கும் பியசோவில் அழுத்தம் சமமாக விழாது. ஆம்பில் இணைத்தால் ஒரு தந்தி உரக்கவும் இன்னொன்று மெலிந்தும் கேட்கும். சமமான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் தேய்த்தால் இந்தச் சிக்கல் வராது. தேய்க்கவே உயரம் மிஞ்சாத நிலை வந்துவிட்டால், ஒட்டப்பட்ட நெக்கை நீராவி கொண்டு பிரித்து, மூட்டைச் செதுக்கி, புதிய கோணத்தில் மறுபடி ஒட்ட வேண்டும். அது தேர்ந்த கைவினைஞரின் வேலை. எளிய கருவியாக இருந்தால் அந்தச் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

மின்பகுதியிலும் இதே கதை. குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால் எலெக்ட்ரிக்கில் தகட்டின் திருகுகளைக் கழற்றி, குமிழின் கீழே இருக்கும் மின்தடைப் பகுதிக்குள் கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சிப் பலமுறை திருப்பினால் போதும். ஜாக்கில் (கேபிள் செருகும் துளை) கம்பி விட்டுப்போயிருந்தால் ஒரு சொட்டு சால்டர். அக்கூஸ்டிக்கில் இதே ஜாக் உடலின் அடி முனையில் உள்ளே இருக்கிறது. தந்திகளைத் தளர்த்தி, ஒலித்துளை வழியே கையை விட்டுத் தடவித்தான் வேலை செய்ய வேண்டும். தளர்ந்த ஜாக்கை வெளியிலிருந்து மட்டும் திருகாதீர்கள், உள்ளே கம்பிகள் முறுக்கி அறுந்துவிடும். பிரியாம்ப் உள்ள பல அக்கூஸ்டிக்கிலும், 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்ற ஆக்டிவ் (உள்ளேயே பிரியாம்ப் கொண்ட) எலெக்ட்ரிக்கிலும் 9 வோல்ட் பேட்டரி உண்டு. கேபிளைச் செருகினாலே பெரும்பாலானவற்றில் பேட்டரி ஓடத் தொடங்கும் என்பதால் வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

வெயிலும் ஈரமும் தனி. மூடிய காருக்குள் வெயிலில் கிடந்தால் பசை இளகிப் பிரிட்ஜ் எழும்பலாம். காற்று அதிகம் வறண்டால் மேற்பலகை சுருங்கி நாரோடு நாராக வெடிக்கும். அக்கூஸ்டிக் வைத்திருப்பவர் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருக்க முயல வேண்டும். எலெக்ட்ரிக்கில் பருவம் மாறும்போது நெக் கொஞ்சம் அசையும், டிரஸ் ராடில் சரியாகிவிடும்.

இதனால்தான் ஒரே ஒரு பேஸ் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு எலெக்ட்ரிக் என்கிறேன். அது உரிமையாளரின் கையாலேயே நெடுங்காலம் உயிரோடு இருக்கும். அக்கூஸ்டிக் இரண்டாவது கருவியாக வரட்டும், அந்தக் குரல் உண்மையாகவே வேண்டும் என்று தோன்றும்போது. யாருக்கு அது முதலாவதாகவே பொருந்தும் என்றால், குரலோடும் ஒற்றைக் கிட்டாரோடும் மட்டும் வாசிப்பவர், பக்கத்தில் நம்பகமான கிட்டார் பழுதுபார்ப்பவர் இருப்பவர்.

பழைய அக்கூஸ்டிக் பேஸை வாங்கப் போனால் ஒரு நேரான அளவுகோலும் துண்டுக் காகிதமும் கையோடு கொண்டுபோங்கள். அளவுகோலை ஃப்ரெட்களின் மேல் நீளவாக்கில் படுக்க வைத்தால் அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை ஒட்டி வந்து சேர வேண்டும். அதற்குக் கீழே போய் இடித்தால் நெக் சாய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால், ஒட்டும் செலவை விலையில் கழித்துக்கொள்ள விற்பவர் ஒப்பாதவரை வாங்காதீர்கள்.