இல்லாத மானியத்தைக் காட்டி எங்களை அவசரப்படுத்தினார்கள்

மின்சாரக் கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கார் மோசம் என்று சொல்ல நான் வரவில்லை. கார் நன்றாகவே ஓடுகிறது. அதை எங்களுக்கு விற்ற விதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு தஞ்சாவூரில் இருக்கிறது. எனக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை. போக வர நாளொன்றுக்கு 110 கிலோமீட்டர். பதினோரு ஆண்டுகள் உழைத்த எங்கள் பழைய பெட்ரோல் கார் மாதத்துக்குப் பதினாறாயிரம் ரூபாயைக் குடித்துக்கொண்டிருந்தது. தினமும் ஒரே பாதை, ஒரே தூரம், இரவில் வீட்டு வாசலில் நிறுத்த இடம் என்று எல்லாம் பொருந்தி வந்ததால், மின்சாரக் கார்தான் சரி என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

2024 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. திருச்சியில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். அன்று விலை விசாரித்து வருவது மட்டுமே எங்கள் எண்ணம். விற்பனைப் பிரதிநிதி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்ததும் நாள்காட்டியைத்தான் எடுத்தார். "மேடம், மின்சார வாகனங்களுக்கு மத்திய அரசு தரும் ஃபேம்-2 மானியம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அன்று ஞாயிறு. வெள்ளிக்கிழமை புனித வெள்ளி விடுமுறை. வியாழக்கிழமைக்குள் பணம் கட்டிவிட்டால்தான் இந்த விலை. ஏப்ரல் முதல் தேதி இதே கார் ஒன்றேகால் லட்சம் ஏறிவிடும்" என்றார். அதையே அன்று இரவு என் கணவரின் வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். அந்தச் செய்தியை நாங்கள் அழிக்கவில்லை. பின்னால் அதுதான் உதவியது.

ஃபேம்-2 மார்ச் 31-ல் முடிகிறது என்பது பொய்யில்லை. எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த செய்தி அது. நானே படித்திருந்தேன். அதனால்தான் நம்பினேன். அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், அந்த மானியம் என்னைப் போல் சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒருநாளும் கிடையாது. 2019 ஏப்ரலில் ஃபேம்-2 தொடங்கியபோதே, இருசக்கர வாகனம் வாங்கும் தனிநபருக்கு உண்டு, கார் என்றால் வாடகைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பதிவாகிற வண்டிக்கு மட்டும்தான் உண்டு என்று வரையறுத்துவிட்டார்கள். பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி, வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி. என் வண்டியில் இருப்பது வெள்ளை எழுத்து. அதன் விலையில் ஃபேம் மானியம் ஒரு ரூபாய்கூட இல்லை. இல்லாத ஒன்று மார்ச் 31-ல் எப்படி முடியும்? ஏப்ரல் பாதியில் அதே கார் அதே விலையில் விளம்பரத்தில் வந்தது. அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு முதல் உறுத்தல்.

இரண்டே நாளில் பதினைந்து லட்சத்துக்கு மேல் புரட்ட வேண்டியிருந்தது. பழைய காருக்கு எங்கள் மெக்கானிக் 2,40,000 வரை போகும் என்று சொல்லியிருந்தார். வேறு ஆள் தேட நேரமில்லை என்று 1,85,000-க்கு அங்கேயே கொடுத்தோம். வைப்புத் தொகையை உடைத்துக் கடனைக் குறைக்கலாமா என்று கணவர் யோசித்தபோது அந்தப் பிரதிநிதியே தடுத்தார். "எதற்கு சார்? மின்சார வாகனக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கடன் அதிகமாக இருந்தால் உங்களுக்கு லாபம்தான்" என்றார். பத்து லட்சம் கடன் எடுத்தோம்.

ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனேன். கடன் பத்திரத்தைப் பார்த்துவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார். வட்டியைக் கழிக்க வழி செய்யும் 80இஇபி (80EEB) என்ற வருமான வரிப் பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்தான். எங்கள் கடன் அதற்குப் பிறகு ஓராண்டு கழித்து வாங்கியது. அந்தச் சலுகை காலாவதியாகி ஓராண்டு ஆன பிறகும் அதைச் சொல்லியே ஷோரூமில் கடன் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

அதே நாற்காலியில் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் விலைப்பட்டியலில் 'வரி' என்று மட்டும் போட்டு 14,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அது டி.சி.எஸ். பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு ஒரு சதவீதம் பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டுவது. நம் வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வரி குறைவாக இருந்தால் திரும்பவும் கிடைக்கும். நம் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் என் பெயரில் அது இருந்தது, பணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஷோரூமில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. ஆடிட்டரிடம் போகாதவர்கள் எத்தனை பேர் இதை விட்டிருப்பார்கள்?

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாகப் படித்தேன். மார்ச் மாதத்தில் அவசரத்தில் கையெழுத்துப் போட்டபோது செய்திருக்க வேண்டிய வேலை.

விலைப்பட்டியலின் நடுவில் பெரிய எழுத்தில் 'சிறப்புச் சலுகை: 2,61,000' என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் என் கணவர் முகம் மலர்ந்து, மற்றவற்றில் பேரம் பேசாமல் விட்டார். அது என்ன சலுகை? காரின் ஷோரூம் விலை 14,50,000. தமிழ்நாட்டில் பத்து முதல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 2023 நவம்பர் முதல் ஆயுட்கால சாலை வரி 18 சதவீதம். கணக்குப் போட்டால் அச்சாக 2,61,000 வருகிறது. மின்சார வாகனங்களுக்கு அந்த வரியைத் தமிழ்நாடு அரசு முழுவதுமாக விலக்கியிருந்தது. 2025 டிசம்பர் 31 வரை என்று 2023-ஆம் ஆண்டு மின்சார வாகனக் கொள்கையிலேயே அறிவித்திருந்தது. அதாவது, அரசு வாங்க மாட்டேன் என்று சொன்ன வரியை முதலில் விலையில் ஏற்றி, பிறகு தாங்கள் தரும் சலுகையாகக் கழித்துக் காட்டினார்கள். அந்த விலக்குக்கு இன்னும் இருபத்தொரு மாதம் இருந்தது. அவசரப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை.

அடுத்த வரி, பதிவுக் கட்டணம் 9,500. மின்கலத்தில் ஓடும் வாகனங்களுக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. அந்த அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் என் வண்டியின் ரசீதைத் தேடி எடுத்தேன். பதிவுக் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம். மற்ற சில்லறைக் கட்டணங்கள் சேர்ந்து சில நூறு ரூபாய். 'ஹேண்ட்லிங்' என்று 12,000 தனி. வண்டியைத் தங்கள் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டு வந்ததற்காம். அது அவர்கள் தொழிலின் செலவு.

காப்பீடு 61,400. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தஞ்சாவூர்க் கிளையில் அதே வண்டிக்கு, அதே அம்சங்களுக்கு விசாரித்தேன். 43,000 என்றார்கள். மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் தொகையை அரசே நிர்ணயிக்கிறது. மின்சாரக் கார் என்றால் அதிலும் 15 சதவீதம் குறைவு. வித்தியாசம் முழுவதும் சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான். ஷோரூமில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்களிடம் "வெளியில் எடுத்தால் சர்வீஸில் சிக்கல் வரும்" என்று சொன்னார்கள். தரை விரிப்பு, சேறு தடுப்பு எல்லாம் சேர்த்து 'அத்தியாவசியப் பொருள்கள்' என்று 16,800. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியாக ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தேன். உற்பத்தி மாதம் 2023 ஆகஸ்ட். ஏழு மாதம் எங்கோ நின்ற வண்டி. அடிச்சட்ட எண்ணில் (சேசிஸ் நம்பர்) பத்தாவது எழுத்து 'P' என்று இருந்தால் 2023, 'R' என்று இருந்தால் 2024. தயாரிப்பாளர் தரும் சான்றான படிவம் 22-லும் மாதமும் ஆண்டும் இருக்கும். முன்பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள். ஆண்டு மாறிய வண்டியை மறுவிற்பனையில் ஒரு வயது கூட்டித்தான் மதிப்பிடுவார்கள். அதற்குரிய தள்ளுபடியை எங்களுக்கு யாரும் தரவில்லை.

ஓட்டச் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்றார்கள். எங்கள் வீட்டில் முன்பு இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும். இப்போது 1,100. யூனிட் ஏற ஏறக் கட்டண அடுக்கும் ஏறுகிறது. 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைத்த மலிவு விலையும் போய்விடுகிறது. காரினால் கூடிய தொகையை ஓடிய தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோலில் ஆறரைக்கு மேல் ஆனது. ஆக, உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்!

என் துறையில் பணிபுரியும் அக்கா ஒருவர் கேட்டார்: "பதினான்கு லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர்களுக்கு எதற்கு வரி விலக்கு? அந்தப் பணத்தில் பஸ் விடலாமே?" தஞ்சாவூர் திருச்சி பஸ்ஸில் இருபது ஆண்டுகளாக நின்றுகொண்டே வருகிறவர் அவர். அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயும் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பஸ், லாரி, ஆம்புலன்ஸ், சார்ஜ் நிலையங்கள் என்றுதான் போகிறது. சொந்தக் காருக்கு அதில் இடமில்லை. அது நியாயம் என்றே நினைக்கிறேன். அதே நேரம், சாலை வரி விலக்கும், பெட்ரோல் கார்களுக்கு அன்று 28 சதவீதமும் மேல்வரியும் இருந்தபோது மின்சாரக் காருக்கு 5 சதவீதம் மட்டும் வாங்கிய ஜி.எஸ்.டி.யும் இல்லையென்றால் என் போன்ற சம்பளக்காரர்கள் மின்சாரத்துக்கு மாறியிருக்க மாட்டோம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 2,61,000 அக்காவைப் போன்றவர்களின் பஸ்ஸுக்குச் செலவாகியிருக்க வேண்டிய பொதுப் பணம். அதைத் தன் கைக்காசைப் போல ஒரு கடை எடுத்துக் காட்டுவதை நான் சும்மா விடப் போவதில்லை.

அரசின் மீதும் எனக்குக் குறை உண்டு. ஃபேம் ஓர் அமைச்சகத்தில், வருமான வரிப் பிரிவு வேறோர் இடத்தில், சாலை வரி மாநிலத்தில், பதிவுக் கட்டணம் இன்னோர் இடத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. எது யாருக்கு, எதுவரை என்று ஒரே தாளில் அச்சிட்டு ஷோரூம் சுவரில் ஒட்டச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஷோரூமுக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த மூன்றாவது வாரம், பதிவுக் கட்டணமும் ஹேண்ட்லிங்கும் சேர்த்து 21,500 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. கூடவே மேலாளர் தொலைபேசியில் பேசினார். மானியம், வட்டிச் சலுகை பற்றி எங்கள் ஊழியர் சொன்னதற்கு எழுத்து எதுவும் இல்லையே என்றார். வாட்ஸ்அப் செய்தியைப் படித்துக் காட்டினேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019 சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பத்து முதல் இருபது லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். இதுவரை இரண்டு வாய்தா ஆகியிருக்கிறது. எதிர்த்தரப்பில் ஒருவரும் வரவில்லை.

அந்த மார்ச் கடைசி வாரத்தில் 31-ஆம் தேதியைச் சொல்லி உங்களையும் யாராவது அவசரப்படுத்திக் கார் விற்றிருந்தால், விலைப்பட்டியலையும் ரசீதுகளையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளை இன்றே சேமித்து வையுங்கள். அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீல் கேட்கப் போவது, இது ஒரே ஒரு வீட்டில் நடந்த தவறா என்பதைத்தான்.